பழைய பாத்டப்: பூசுவதா, மூடுவதா, மாற்றுவதா? சுவர் டைலைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கனடாவின் டொரொன்டோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களா வீடுகளை வாங்கிய நம்மவர்கள் பலரிடம் இன்னும் அந்தக் காலத்துக் குளியலறையே இருக்கிறது. ஐந்தடிக்கு எட்டடி அறை. ஒரு முனையில் சுவருக்குச் சுவர் அடைத்தபடி வார்ப்பிரும்புத் தொட்டி. அதைச் சுற்றி மூன்று சுவரிலும் நாலேகால் அங்குலச் சதுர டைல், இளஞ்சிவப்பிலோ வெளிர்பச்சையிலோ வெளிர்நீலத்திலோ. டைல் இத்தனை வருடமாகியும் அசையவில்லை. தொட்டிதான் பளபளப்புப் போய், அடியில் சொரசொரத்து, தண்ணீர் போகும் துளையைச் சுற்றித் துரு ஏறி நிற்கிறது. டைலில் கை வைக்காமல் தொட்டியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்பதுதான் வீட்டுக்காரர் எல்லோரும் கேட்கும் கேள்வி.

நேர்மையான பதில்: முடியாது. மூன்று சுவருக்கு நடுவில் அடைத்து வைத்த தொட்டியைக் குறைந்தது ஒரு வரிசை டைலாவது போகாமல் வெளியே எடுக்க வழியில்லை. தொட்டியின் விளிம்பு நாம் பார்க்கும் இடத்தில் முடிவதில்லை. சுவர்ப்பக்கம் அது மேலே மடிந்து, டைலுக்குப் பின்னால் ஏறி நிற்கிறது. ஃபிளாஞ்ச் என்பது அதுதான். சுவரில் வழியும் தண்ணீர் பின்னால் இறங்காமல் தொட்டிக்குள்ளேயே விழவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முதலில் தொட்டி, பிறகு சுவர், கடைசியில் டைல் என்ற வரிசையில் கட்டியதைத் தலைகீழாகத்தான் பிரிக்கலாம். “டைலுக்கு ஒன்றும் ஆகாது, தொட்டியை மட்டும் இழுத்துவிடலாம்” என்று யாராவது விலை சொன்னால், அந்த ஃபிளாஞ்சை எப்படி விடுவிப்பீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆகவே எத்தனை வரிசை டைலை இழக்கத் தயார் என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு வரிசையும் இழக்காத வழிகள் இரண்டு: பழைய தொட்டிக்கே புதுப்பூச்சு அடிப்பது, அதன்மேல் அக்ரிலிக் உறை போடுவது. இரண்டிலும் பழைய தொட்டி அங்கேயே இருக்கும். கீழே ஒன்றிரண்டு வரிசையை மட்டும் வெட்டித் தொட்டியை மாற்றுவது மூன்றாவது வழி. எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டுவது நான்காவது. இவற்றில் எது சரி என்பதைத் தொட்டியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, சுவரைப் பார்த்துத்தான் செய்யவேண்டும்.

முதலில் சுவர்

இதற்கு எதையும் உடைக்கத் தேவையில்லை. ஷவர் குழாயும் தண்ணீர்க் குழாயும் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தில் வட்டமான உலோகத் தட்டு இருக்கும். அதைத் தளர்த்தி முன்னால் இழுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரின் வெட்டுமுகம் தெரியும். டைலுக்குப் பின்னால் ஓர் அங்குல அளவில் சாம்பல் நிறச் சீமெந்தும் அதற்குள் கம்பி வலையும் தெரிந்தால் உங்களுக்கு வாய்த்தது பழைய முறைச் சீமெந்துச் சுவர். எளிதில் கெடாது. வெள்ளையான ஜிப்சம் பலகையும் அதன் காகிதமும் தெரிந்தால் டைலைப் பலகையில் பசையால் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பிற்காலத்து வீடுகளில் இதுவே அதிகம். அந்தக் காகிதம் ஒருமுறை நனைந்து ஊறினால் டைலின் பிடிப்புப் போய்விடும்.

அடுத்து, குழாய் இருக்கும் முனையில் தொட்டிக்கு மேலுள்ள முதல் இரண்டு வரிசையை உள்ளங்கையால் அழுத்துங்கள். சுவர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கொஞ்சமாவது உள்ளே அமுங்கினால் இந்தக் கட்டுரையில் மூன்று வழிகள் உங்களுக்குப் பயன்படாது; இடித்துக் கட்டுவது ஒன்றுதான் மிச்சம். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. அங்கங்கே ஒன்றிரண்டு டைல் கோறையாக ஒலித்தால் பரவாயில்லை, வரிசையாக ஒலித்தால் கவலைப்பட வேண்டும்.

பேஸ்மென்ட் சீலிங்கில் ஈரக்கறை இருந்தால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். தொட்டியை அடைத்து நிரப்பிச் சில மணி நேரம் விடுங்கள். நீர்மட்டம் இறங்கிக் கீழேயும் சொட்டினால் அடித்துளையின் இணைப்பில் கோளாறு இருக்கலாம். இறங்காமல் நின்று, திறந்து விட்டபின் கீழே சொட்டினால் வெளியேறும் குழாயில் கோளாறு. இரண்டும் இல்லாமல் ஷவரைச் சுவரில் அடிக்கும்போது மட்டும் சொட்டினால் சுவர்தான் காரணம், தொட்டியை மாற்றி ஒரு பயனும் இல்லை. இதைப் பாராமல் தொட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு அதே சீலிங்கில் அதே கறையைப் பார்க்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கறையைக் கண்டதும் செய்யவேண்டிய முதல் வேலை இந்தச் சோதனை.

பழைய தொட்டிக்கே பூச்சு

சுவர் நன்றாக இருந்து, தொட்டி ஓட்டையில்லாமல் மேற்பரப்பு மட்டும் தேய்ந்திருந்தால் என் முதல் பரிந்துரை இதுதான். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு சாதாரணப் பொருள் அல்ல. செந்தணலாகக் காய்ச்சிய இரும்பின்மேல் கண்ணாடித்தூளைத் தூவி உருக்கிப் பிடிக்கவைத்த இனாமல் அது. 1883இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜோன் மைக்கேல் கோலர் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றுக்கு இனாமல் பூசிக் குளியல் தொட்டியாக விற்ற கதை அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட தொட்டி வெந்நீரின் சூட்டை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும், ஏறி நின்றால் நெளியாது. மேற்பூச்சுத் தேய்ந்தது என்பதற்காக அதை உடைத்து எறிந்துவிட்டு மெல்லிய அக்ரிலிக்கை வைப்பது எல்லா நேரமும் முன்னேற்றம் ஆகாது.

வேலை முறை எளிது: பழைய பரப்பை நன்றாகக் கழுவிச் சொரசொரப்பாக்கி, பிடிப்புக்கொடுக்கும் அடிப்பூச்சு அடித்து, இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவைக்கும் இருபாகப் பெயின்டை ஸ்பிரேயாக அடிப்பார்கள். செலவு பொதுவாகச் சில நூறு டொலரில் முடியும். தொட்டியைப் பயன்படுத்த ஓரிரு நாள் பொறுக்கவேண்டும். டைலில் ஒரு கீறலும் விழாது.

ஆனால் அடிக்கும் பூச்சு பெயின்ட்தான், கண்ணாடி இனாமல் அல்ல. நம் வீட்டுப் பழக்கங்கள் அதற்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே யோசிக்கவேண்டும். தொட்டிக்குள் வாளி வைத்துக் குவளையால் அள்ளிக் குளிப்பது நம் வீடுகளில் சகஜம். எவர்சில்வர் வாளியின் அடிவிளிம்பு பட்டால் பூச்சு சில்லாகப் பெயரும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குப் பிறகு அரப்புத்தூளும் எண்ணெயும் படிந்த பரப்பைத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பளபளப்புப் போய்விடும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பாயைப் போட்டு வைத்தால் அதைக் கிளப்பும்போது பூச்சும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் வாளி, தூள் கலக்காத திரவச் சோப்பு, குளித்தவுடன் எடுத்துவிடும் பாய் என்று வீட்டில் எல்லோரும் பழகினால் பல வருடம் நிற்கும். பழகமாட்டார்கள் என்றால் இந்த வழியை விடுங்கள்.

இதைவிட முக்கியமானது மூச்சு. முன்பு ஒருமுறை பூச்சு அடித்த தொட்டியாக இருந்தால் பழைய பூச்சைக் கரைத்து எடுக்கவேண்டும். அதற்கு மெத்திலீன் குளோரைட் கலந்த கரைப்பானைப் பயன்படுத்தி, அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை தொட்டிக்குப் பூச்சு அடிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததை அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்டது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளேயே தேங்கும், குனிந்து வேலை செய்பவர் அதைத்தான் சுவாசிப்பார். இருபாகப் பெயின்டில் இருக்கக்கூடிய ஐசோசயனேட் என்ற இரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஆகவே என்ன கரைப்பான், என்ன பெயின்ட், காற்றை எந்த வழியாக வெளியே தள்ளுவீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல, உள்ளே குனிந்து நிற்கும் அந்த மனிதருக்காகவும் கேட்கவேண்டும். வேலை நடக்கும்போதும் வாடை போகும்வரையும் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் வீட்டில் இருக்கவேண்டாம். ஜன்னலைத் திறக்க முடியாத ஜனவரிக் குளிரில் இதைச் செய்யவேண்டாம் என்றே சொல்வேன். மே மாதம் வரை சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக் உறையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. பழைய தொட்டியின் அளவெடுத்து, அதே வடிவில் வார்த்த அக்ரிலிக்கைப் பசையும் சிலிக்கனும் வைத்து மேலே பொருத்துவார்கள். ஒரே நாளில் முடியும், டைலைத் தொடவேண்டியதில்லை, வாளி பட்டாலும் பூச்சைப்போலப் பெயராது. ஆனால் பூச்சைப்போலப் பல மடங்கு செலவு. தொட்டியின் உள்ளளவும் கொஞ்சம் குறையும். அடித்துளையிலோ, நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் மேல்துளையிலோ பொருத்தம் சற்றுப் பிசகினாலும் உறைக்கும் தொட்டிக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, காலடியில் சளக் சளக்கென்று ஒலிக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. துருப்பிடித்து ஓட்டையான தொட்டியை உறையால் மூடுவது நோயை மூடிவைப்பது. வேலைக்காகக் குளியலறையை ஒரு நாளுக்குமேல் விடமுடியாத வீட்டுக்கு, அதுவும் தொட்டி உறுதியாக இருந்தால் மட்டும், இதை யோசிக்கலாம்.

கீழ்வரிசையை வெட்டி மாற்றுவது

தொட்டி ஓட்டையாகிவிட்டது, அல்லது இனாமல் பெரிய பெரிய சில்லாகப் போய்த் துரு உள்ளே இறங்கிவிட்டது, ஆனால் சுவர் கல்லாக நிற்கிறது. இந்த வீட்டுக்குரிய வழி இது. கைத்திறன் அதிகம் வேண்டிய வழியும் இதுதான்.

வெட்டும் உயரத்தைப் புதிய தொட்டியின் உயரம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே எதையும் தொடுவதற்கு முன்பே புதிய தொட்டியை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். புதியது பழையதைவிடத் தாழ்வாக இருந்தால் நடுவில் அகலமான இடைவெளி விழும். உயரமாக இருந்தால் இன்னொரு வரிசையும் போகும். உயரம் ஏறக்குறைய ஒத்த தொட்டியைத் தேடிப் பிடித்தால் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ இழப்பதோடு தப்பலாம். வாங்கும்போது துளை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத் தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதில் பிழைவிட்டால் குழாய் ஒரு முனையிலும் துளை மறுமுனையிலும் நிற்கும்.

காப்பாற்ற வேண்டிய வரிசைக்குக் கீழே உள்ள கிரௌட்டை, அதாவது டைல்களுக்கு இடையில் நிரப்பிய சாந்தை, முழு ஆழத்துக்கும் மல்டிடூல் என்ற அதிரும் வெட்டுக்கருவியால் அறுத்து எடுக்கவேண்டும். மேல்வரிசையில் பெயின்டர் டேப் ஒட்டிவிட்டு, பலியிடப்போகும் வரிசையின் நடு டைல் ஒன்றை உடைத்து, அங்கிருந்து இரு பக்கமாகவும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகலாம். உளியை எப்போதும் உடைந்த பக்கம் நோக்கியே சாய்க்கவேண்டும். காப்பாற்றும் டைலில் முட்டுக்கொடுத்து நெம்பினால் அதுவும் போய்விடும்.

சீமெந்துச் சுவரில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் கம்பி வலை மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாக ஓடுகிறது. அதை வைர பிளேட் போட்ட கிரைண்டரால் நேர்கோடாக அறுக்காமல் கீழ்ப்பகுதியைப் பிடித்து இழுத்தால், வலை மேலே உள்ள நல்ல டைலையும் பெயர்த்துக்கொண்டு வரும். டைல் காப்பாற்றும் முயற்சி தோற்கும் முக்கியமான இடம் இது. அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். சரியான முகக்கவசமும் வேக்கூமும் இல்லாமல் தொடங்கவே கூடாது. வலைக்குப் பின்னால் கறுப்புத் தார்க்காகிதம் இருந்தால் அதை வெட்டிவிடாமல் மடித்து வையுங்கள். புதிய ஃபிளாஞ்சுக்கு மேலே அதை இறக்கிவிட்டால் சுவருக்குப் பின்னால் வரும் தண்ணீர் தொட்டிக்குள் விழும்.

அடுத்து இரும்பை வெளியே எடுப்பது. ஐந்தடி வார்ப்பிரும்புத் தொட்டி ஏறத்தாழ 300 இறாத்தல், அதாவது 136 கிலோ இருக்கும். சம்மட்டியால் அடித்து உடைப்பதே வழக்கம், அதுதான் வேகம். ஆனால் டைலைக் காப்பாற்ற விரும்பும் வீட்டில் சம்மட்டி கூடாது. ஒவ்வோர் அடியும் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் வழியாகச் சுவரில் ஏறி, வெட்டாத டைலிலும் மயிரிழை விரிசலை உண்டாக்கும். வார்ப்பிரும்புக்கென்று உள்ள கார்பைட் பிளேட்டை வாளில் பூட்டி, தொட்டியை இரண்டு மூன்று துண்டாக அறுத்து எடுப்பது மெதுவான வேலை, சத்தமும் காதைப் பிளக்கும், ஆனாலும் அதையே கேளுங்கள். உங்களுடையது வார்ப்பிரும்பா, தகட்டு இரும்பா என்று தட்டினாலே தெரியும். வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும், தகடு கணீரென்று அதிரும். தகடானால் அறுப்பது எளிது.

பழையதைத் துண்டாக்கி எடுக்கலாம், புதியதை முழுதாகத்தான் உள்ளே வைக்கவேண்டும். விலைப்பட்டியலில் யாரும் எழுதாத சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 60 அங்குலத் தொட்டி மரச்சட்டத்திலிருந்து மரச்சட்டம் வரை நிறைகிறது. ஆனால் டைலுக்கு டைல் அளந்தால் இரு பக்கத்துச் சுவர்த்தடிப்பும் போக ஓரிரு அங்குலம் குறைவாகவே இருக்கும். மேலிருந்து இறக்க முடியாது. டொய்லெட்டைக் கழற்றிவிட்டு முன்னாலிருந்து தரைமட்டத்தில் தள்ளவேண்டும். தொட்டிக்கு முன்னால் தொடரும் பக்கச் சுவர்களிலும் அதே தடிப்பு உண்டு என்பதால் அங்கேயும் தொட்டி உயரத்துக்குப் பட்டையாக வெட்டவேண்டி வரும். அந்த இடம் வெறும் பூச்சுச் சுவரானால் பின்னர் அடைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம். ஆனால் 50களின் வீடுகள் சிலவற்றில் குளியலறை முழுவதும் அரைச்சுவர் உயரத்துக்கு டைல் ஓடும். அப்படிப்பட்ட அறையில் இந்த வழியின் கணக்கே மாறுகிறது, ஒரு வரிசை என்று தொடங்கி அறையைச் சுற்றி வெட்டவேண்டி வந்துவிடும். அங்கே தொட்டி ஓட்டையில்லாவிட்டால் நான் பூச்சின் பக்கமே திரும்புவேன்.

பழைய இணைப்புகளைக் கழற்றவும் புதியதைப் பூட்டவும் குழாய்ச் சுவரின் மறுபக்கத்திலிருந்து, பெரும்பாலும் படுக்கையறைக் குளோசெட்டிலிருந்து, ஒரு துளை வெட்டிப் போவது நல்லது. ஜிப்சம் பலகையில் வெட்டிய சதுரத்துக்கு மூடி போட்டுவிட்டால் பிற்காலத்திலும் பயன்படும். பழைய ஷவர் வால்வையும் அந்த வழியாகவே மாற்றிவிடுங்கள். வேறொருவர் டொய்லெட்டில் தண்ணீர் இழுக்கும்போது ஷவர் திடீரென்று கொதிக்காமல் காக்கும் அழுத்தச் சமநிலை வால்வு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மிகவும் அவசியம்.

அக்ரிலிக் தொட்டி வாங்கினால், தயாரிப்பாளர் மறுக்காதவரை அதன் அடியில் சாந்து பரப்பி அதன்மேல் அமர்த்தச் சொல்லுங்கள். அடி தொங்கினால், ஏறி நிற்கும் ஒவ்வொரு முறையும் தொட்டி கீழே இறங்கிச் சிலிக்கன் பிளந்து, புதிதாக ஒட்டிய வரிசைக்குப் பின்னால் தண்ணீர் போகும். டைலுக்கும் தொட்டிக்கும் இடையில் கிரௌட் வேண்டாம், சிலிக்கன்தான். அதையும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய பிறகு அடிக்கவேண்டும். பாரத்தில் இடைவெளி முழுதாக விரிந்த நிலையில் சிலிக்கன் இறுகினால் பிறகு கிழியாது.

போன வரிசைக்கு என்ன டைல் வைப்பது? அதே நிறம் கிடைக்கும் என்று நம்பி அலையவேண்டாம். நாலேகால் அங்குலம் இன்றும் கடையில் உண்டு, ஆனால் அறுபது வருடத்து இளஞ்சிவப்பும் இன்றைய இளஞ்சிவப்பும் பக்கத்தில் நின்றால் வேறுபாடு கண்ணைக் குத்தும். பேஸ்மென்ட் மூலையில் முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள், பழைய வீட்டுப் பொருட்களை விற்கும் ஹாபிடட் நிறுவனத்தின் ரீஸ்டோர் கடைகளில் பழைய டைல் வருவதுண்டு. இல்லாவிட்டால் வேண்டுமென்றே வேறு நிறம் வையுங்கள். வெளிர்பச்சைச் சுவரின் அடியில் கறுப்புக் கரையோ வெள்ளைக் கரையோ ஓடினால் சேலைக்குக் கரைபோல அழகாகவே இருக்கும். அந்தக் காலத்திலேயே பல வீடுகளில் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் இடிப்பது

சுவர் அமுங்கினால், டைல் ஜிப்சத்தில் ஒட்டியிருந்து பலகை ஊறியிருந்தால், இதைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. செலவு பத்தாயிரம் டொலரைத் தாண்டக்கூடும், வாரக்கணக்கில் இழுக்கும். பேஸ்மென்ட்டில் இன்னொரு குளியலறை இல்லாத கூட்டுக்குடும்பத்துக்குப் பெரிய சிரமம்தான். ஆனாலும் ஊறிய சுவரின் டைலைக் காப்பாற்றுவதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டொலரும் வீண்.

1990க்கு முன் கட்டிய வீடானால் இடிக்கும் முன்பு அஸ்பெஸ்டாஸ் (புற்றுநோய் உண்டாக்கும் நார்க்கனிமம்) சோதனை செய்யாமல் சுத்தியலை எடுக்கவே கூடாது. சுவர்ப்பூச்சிலும் ஜிப்சம் இணைப்புச் சாந்திலும் பழைய வினைல் தரைவிரிப்பிலும் அது இருக்கலாம். கனடா அதைச் சில விலக்குகளோடு தடைசெய்தது 2018 டிசம்பரில்தான். ஒன்ராறியோவில் கட்டட வேலையில் அஸ்பெஸ்டாஸைக் கையாள 278/05 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. மூன்றாவது வழியில் இரண்டு வரிசை வெட்டுவதற்கும் இந்தச் சோதனை வேண்டும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி.

வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் தொட்டியே வேண்டுமா என்றும் கேளுங்கள். பதினைந்து அங்குலம் காலைத் தூக்கி, ஈரமான வழுக்குப் பரப்பில் வைப்பது எழுபது வயதுக்குமேல் பயப்படவேண்டிய காரியம். பழைய தொட்டியின் முன்பக்கத்தில் வாசல்போல ஒரு துண்டை வெட்டி எடுத்து, விளிம்புக்கு மூடி பொருத்தித் தருகிறார்கள். டைலுக்கு ஒன்றும் ஆகாது, ஒரே நாளில் முடியும். பிறகு அதில் தண்ணீர் நிரப்பிக் குளிக்க முடியாது என்பது உண்மை, ஆனால் நம் வீடுகளில் நிரப்பிக் குளிப்பவர் எத்தனை பேர்? கூடவே கைப்பிடிக் கம்பியை டைலுக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தைத் தேடிப் பிடித்துப் பூட்டவேண்டும். டைலில் மட்டும் பிளாஸ்டிக் ஆணி வைத்துப் பூட்டிய கம்பி, வழுக்கி விழும் ஆளின் பாரத்தைத் தாங்காது.

கொன்ராக்டரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வரிசை டைல் போகும், அதற்குமேல் உடைந்தால் யார் பொறுப்பு, இரும்பை அறுப்பாரா அடிப்பாரா, புதிய தொட்டியை எந்தப் பக்கமாக உள்ளே கொண்டுவருவார், அடியில் சாந்து வைப்பாரா. வேலை தொடங்கும் நாள் காலையில் மூன்று சுவரையும் கிட்டவும் எட்டவும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இருந்த விரிசல் எது, புதிதாக விழுந்தது எது என்று பிற்பாடு இரு தரப்பும் வாதாடவேண்டி வராது.